நனைந்த வைக்கோல் போர் தானாக எரியுமா?

பாலக்கோடு பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மழையில் நனைந்த வைக்கோலை அரைகுறையாகக் காயவைத்துப் போர் போட்டோம். மூன்றாவது வாரம் நடுராத்திரியில் எரிந்துவிட்டது. பக்கத்தில் கரண்ட் கம்பி கிடையாது, அடுப்பும் கிடையாது. ஊரில் செய்வினை என்கிறார்கள். ஈர வைக்கோல் எப்படி எரியும்?"

தருமபுரி மாவட்டத் தீயணைப்பு நிலையங்களில் வருஷம் முழுக்க வேலைதான். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, அறுவடை முடிந்ததும் மின்கம்பியில் உரசும் வைக்கோல் லாரி, சித்திரை வெயிலில் கரட்டுப் புல் எரிவது, தீபாவளி ராத்திரி ராக்கெட் விழுந்த கூரை. போர் எரிவதும் பெரும்பாலும் பீடித் துண்டாலோ பட்டாசுப் பொறியாலோதான். ஆனால் எப்போதாவது ஒரு போர் தன்னைத்தானே கொளுத்திக்கொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்த தீ அதுதான்.

வைக்கோலில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் விழித்துக்கொள்ளும். சர்க்கரையைத் தின்று, ஆக்சிஜனை இழுத்து, கார்பன் டை ஆக்சைடு, நீர், வெப்பம் மூன்றையும் வெளிவிடும். நம் உடம்பில் நடக்கும் அதே சுவாசம். அது விடும் நீரே அதற்கு மேலும் ஈரம் சேர்க்கிறது. விடியற்காலையில் போர் மேல் ஆவி பறப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த மூச்சுதான்.

40, 45 டிகிரியில் சாதாரண நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிட, சூடு விரும்பும் வேறொரு கூட்டம் வந்து 70 வரை கொண்டுபோகும். அதன் பிறகு அவையும் செத்துப்போகும். கதை முடிந்திருக்க வேண்டும், இல்லையா? இல்லை. அந்தச் சூட்டில் வைக்கோலே நேரடியாக ஆக்சிஜனோடு வினைபுரியத் தொடங்கிவிடும். உயிரியல் மூட்டிய அடுப்பை வேதியியல் வாங்கிக்கொள்கிறது!

10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பள்ளியில் படித்தோம். வெப்பம் வெளியே கசிவதோ அப்படிப் பெருகாது. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு சூடோ, அந்த அளவுக்குத்தான் கசியும். வரவு இரட்டிப்பாகிக்கொண்டே போக, செலவு கூட்டலில் நடந்தால் ஓரிடத்தில் கணக்கு கைமீறிப் போகும். இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டியவர் ரஷ்ய வேதியியலர் செமியோனவ். 1956இல் நோபல் பரிசு பெற்றவர். போரின் அளவும் இதில் சேரும். நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்கு, சூடு தப்பிக்கும் மேற்பரப்பு நாலு மடங்குதான். சின்னப் போர் ஆறிவிடும், பெரிய போர் ஆறாது.

100 டிகிரி அருகே, ஈரம் ஆவியாகித் தீரும்வரை சூடு ஏறத் தயங்கும். பல போர்கள் அங்கேயே அடங்கிவிடும். அடங்காதது 200 டிகிரி தாண்டிக் கரிந்து, காற்று போதாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று, ஒரு நாள் மேலே ஓட்டை போட்டதும் குப்பென்று பற்றும். உங்கள் நடுராத்திரி அதுதான்.

இதை அணைப்பதும் லேசில்லை. மழைத் தண்ணீர் வழிந்தோடும்படிதானே போரை மேய்கிறோம்? குழாய்த் தண்ணீரும் அப்படியே வழிந்தோடிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டு நனைக்க வேண்டியிருக்கிறது, விடிய விடிய.

நாலு தெர்மாமீட்டரைப் போருக்குள் செருகி ஒரு மாதம் குறித்துவைக்கச் சில ஆயிரம் ரூபாய் போதும். நம் கல்லூரி மாணவர்களுக்கு அருமையான ப்ராஜெக்ட். அதற்குப் பணம் தர ஆளில்லை. பரிகார பூஜைக்கு மட்டும் எப்படியோ புரண்டுவிடுகிறது.

சரி, வீட்டில் செய்யக்கூடியது: கடப்பாரையைப் போரின் நடுவரை செருகிக் கால் மணி நேரம் விட்டு உருவுங்கள். நுனியைக் கையால் பிடிக்க முடியவில்லை, கரும்பாலைப் பக்கம் போனதுபோல் தீய்ந்த பாகு வாசம் வருகிறது என்றால் 101ஐ அழையுங்கள். நீங்களே பிரிக்க வேண்டாம். காற்றுப் பட்டதும் பற்றும். மேலே ஏறவும் வேண்டாம். உள்ளே கரிந்து குழி விழுந்திருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது.