மருந்து ஸ்டோர் இருந்த மண்ணும் வயலில் நிற்கும் தண்ணீரும்

கெடா மாநிலத்தின் பீடோங் சுற்றுவட்டாரத்தில் தோட்ட நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறி வருகிறது. லயன் வீடுகளை இடித்த இடம், டிராக்டர் கொட்டகை நின்ற இடம், பழைய ஸ்டோர் இருந்த மேடு என்று எங்கே வெறும் தரை கிடைத்தாலும் நம் மக்கள் கீரையும் மரவள்ளியும் போட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற எனக்கு, அங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் ஒரு பிடி மண்ணையும் எடைபோட மனம் வராது.

காரணம் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் பாராகுவாட் என்ற புல் மருந்து வருவதற்கு முன்னால், பால்மரக் காட்டில் லாலாங் புல்லை அழிக்க சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். மருந்தடித்த புல்லை மேய்ந்த மாடு செத்த கதை பழைய தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். பிறகு எம்எஸ்எம்ஏ என்ற இன்னொரு ஆர்சனிக் மருந்தும் ரப்பருக்கும் செம்பனைக்கும் புழக்கத்தில் இருந்தது. மற்றப் புல் மருந்துகள் பலவும் நாளடைவில் சிதைந்துவிடும். ஆர்சனிக் ஒரு தனிமம். அது சிதைய வழியே இல்லை. பம்பில் மருந்து கலந்த இடம், வாளி கழுவிய இடம், தகர டப்பாவைப் புதைத்த இடம், இந்த மூன்றிலும்தான் அது திரண்டு கிடக்கும். காட்டில் பரவலாக அடித்தது அந்த அளவுக்குத் தேங்குவதில்லை.

ஒரு அக்கா மைலோ டின்னில் மண் கொண்டுவந்தார். பழைய ஸ்டோரை ஒட்டிய பாத்தி. “தம்பி, கீரை இடுப்பளவு தழைக்குது, மண்ணுல என்ன கோளாறு இருக்கப் போவுது?” என்றார். செடி செழிப்பாக நிற்பது மண் சுத்தம் என்பதற்குச் சாட்சி ஆகாது. குறிப்பாக காட்மியம் என்ற நச்சு உலோகம்: சாப்பிடுகிறவருக்கு அதிகம் என்று சொல்லக்கூடிய அளவை இலையில் வைத்துக்கொண்டே கீரை பச்சைப்பசேல் என்று நிற்கும். டின் மண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதால் அவருடைய பாத்திகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தோம். ஸ்டோர் சுவரை ஒட்டிய மூலையில் மட்டும் ஆர்சனிக் உயர்ந்திருந்தது. பத்தடி தள்ளி மண் சாதாரணமாக இருந்தது. அந்த மூலையில் இப்போது செம்பருத்தி நிற்கிறது. கீரை தள்ளிப்போய்விட்டது.

நம் மேட்டு நிலச் செம்மண்ணில் இரும்பு நிறைய உண்டு. ஆர்சனிக் அந்த இரும்பு ஆக்சைடை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். மண்ணில் இருப்பது வேறு, வேருக்குக் கிடைப்பது வேறு. வயலுக்கு வந்தால் கதை தலைகீழ். நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிறுத்துகிறோம். சில நாட்களில் சேற்றுக்குள் காற்று தீர்ந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்க, அதைப் பிடித்திருந்த ஆர்சனிக்கும் விடுபட்டுத் தண்ணீரில் கலக்கிறது. நெல் வேர் மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சும் பயிர்; வைக்கோல் சுணைப்பாக இருப்பது அதனால்தான். சேற்றில் இருக்கும் ஆர்சனிக் வடிவம் சிலிக்காவைப் போலவே தோற்றம் காட்டுவதால் அதே வழியாக உள்ளே போய்விடுகிறது. கோதுமையைவிட அரிசியில் ஆர்சனிக் பல மடங்கு இருப்பதன் ரகசியம் இதுதான்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது நடந்து பார்த்த விஷயம். ஒருகாலத்தில் பருத்திக்கு ஆர்சனிக் மருந்து அடித்த நிலங்களில் பின்னாளில் நெல் போட்டார்கள். பல இடங்களில் கதிர் பால் பிடிக்காமல், பதராகி, தலைசாயாமல் நெட்டுக்குத்தாக நின்றது. விளைந்த இடத்து அரிசியிலும் ஆர்சனிக் தூக்கலாகவே இருந்தது. பழைய ரப்பர் நிலத்தைச் சமப்படுத்தி, வரப்பு கட்டித் தண்ணீர் விட்டு நெல் போடலாம் என்று யாராவது யோசித்தால் முதலில் மண்ணைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் தண்ணீரை வடித்துவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வயலில் ஓட்டை போட்ட பைப்பைப் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சுகிற முறை இப்போது பரவி வருகிறது. தண்ணீர் மிச்சம், ஆர்சனிக்கும் குறைகிறது. ஆனால் காட்மியம் இதற்கு நேர் எதிர். தண்ணீர் நிற்கும்போது கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கியிருக்கும் காட்மியம், வயல் காய்ந்து காற்று புகுந்ததும் கரைந்து வேருக்குள் போகிறது. ஜப்பானில் காட்மியம் உள்ள வயல்களில் கதிர் வருவதற்கு முன்னும் பின்னும் மூன்று வாரம் தண்ணீர் வற்றாமல் காப்பார்கள். ஆகவே வயலில் எந்த உலோகம் இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீர் முறையை மாற்றுவது ஒன்றைத் தணித்து இன்னொன்றைக் கிளறிவிடுவதாக முடியலாம்.

ஜப்பான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு. ஜின்சு ஆற்றின் மேல்பகுதியில், கிஃபு மாநிலத்தில் இருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவு ஆற்றோடு வந்து தொயாமா மாநில வயல்களில் படிந்தது. அந்த அரிசியையும் தண்ணீரையும் பல்லாண்டு உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு நொறுங்கியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்று வயதான பெண்கள். அந்த இத்தாய்-இத்தாய் நோய்க்குக் காட்மியம்தான் காரணம் என்று ஜப்பான் அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரத்தச்சோகை உள்ள தோட்டத்துப் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட சுரங்கம் இல்லை. கெடா அரிசி விஷம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் கிடையாது. என் கவலை புளிப்பு மண்ணைப் பற்றியது. மெர்போக் ஆற்றுப் பக்கம் கடல்மண்ணில் கந்தகம் புதைந்திருக்கிறது. பாரிட் (வடிகால்) ஆழமாக வெட்டியதும் அது காற்று பட்டு அமிலமாகிறது. தோண்டிய மண்ணில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள், பாரிட் தண்ணீரில் துரு நிறம், மேலே எண்ணெய் மாதிரி ஏடு என்றால் அந்த மண்தான். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4க்கும் கீழே போகும் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அத்தனை புளிப்பில் மண்ணில் உள்ள கொஞ்சநஞ்சம் காட்மியமும் கரைந்து வந்துவிடும். பாஸ்பேட் உரம் வேறு அதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்க்கிறது, ஏனென்றால் பாறை பாஸ்பேட்டில் காட்மியம் இயற்கையாகவே உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் பாஸ்பேட் உரத்தில் ஒரு கிலோ பி2ஓ5க்கு (உரத்தில் பாஸ்பேட்டைக் கணக்கிடும் அளவு) 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உரம் வாங்கும்போது காட்மியம் அளவு என்ன என்று நம் ஆட்கள் கேட்பதே இல்லை. கேட்கலாம், கேட்க வேண்டும். இந்தப் புளிப்பு மண்ணுக்கு மருந்து ஜிஎம்எல் எனப்படும் மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்தான். எக்டருக்கு 4 டன் என்பது வழக்கமான பரிந்துரை. விளைச்சலுக்காகப் போடுகிற சுண்ணாம்பு காட்மியத்தையும் அடக்கிவைக்கும். உமிச்சாம்பல் போட்டால், சிலிக்கா கூடி ஆர்சனிக்குக்கு வழி குறையும்.

அரிசிக்கு அனைத்துலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு: தீட்டிய அரிசியில் ஒரு கிலோவுக்குக் கனிம ஆர்சனிக் 0.2 மில்லிகிராம், காட்மியம் 0.4 மில்லிகிராம். மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற வீட்டுக்கும் வாரம் ஒருமுறை அரிசி சாப்பிடுகிற வீட்டுக்கும் அதே எண்தான். எனக்கு அது உறுத்துகிறது.

சமையலறைக்கு வருவோம். குக்கரில் தண்ணீர் வற்ற வேகும் சோற்றில் அரிசியின் ஆர்சனிக் அப்படியே தங்கும். நம் பாட்டிமார் செய்தபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால், அரிசியைப் பொறுத்து ஏறக்குறைய பாதி கஞ்சியோடு போய்விடும். ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2020இல் சொன்ன முறை இன்னும் எளிது: ஒரு கப் அரிசிக்கு நான்கு கப் கொதிநீர், ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, இரண்டு கப் புதுத் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் முடிப்பது. வெள்ளரிசியில் 74 விழுக்காடு குறைந்ததாக அவர்கள் கண்டார்கள். வடித்த கஞ்சியைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், வெளியேறியது அதில்தான் இருக்கிறது. பி வைட்டமினும் கொஞ்சம் போகும், அதற்குப் பருப்பும் காயும் இருக்கின்றன. தவிட்டரிசி உடம்புக்கு நல்லதுதான், ஆனால் ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம். கைக்குழந்தைக்குத் தினமும் அரிசிக்கூழ் மட்டும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் கேழ்வரகு கொடுங்கள். காட்மியத்தை எப்படி வடித்தாலும் பெரிதாக எடுக்க முடியாது. அதை மண்ணிலேயே தடுக்க வேண்டும்.

அதனால் எல்லாப் பாரத்தையும் அடுப்படியில் நிற்கிற பெண்ணின் தலையில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோட்ட நிலத்தை வீட்டுமனையாகவோ கொல்லையாகவோ விற்கிறவர், ஸ்டோரும் பட்டறையும் எங்கே இருந்தன என்று காட்டி, மண் அறிக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் கேட்டு வாங்க வேண்டும்.

பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது துருப்பிடித்த சங்கோலும் தகர வாளியும் வேண்டாம். எவர்சில்வர் கரண்டியும் பிளாஸ்டிக் வாளியும் போதும். பாத்தி முழுக்க 15 இடங்களில், மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்து, நன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ கொண்டுவாருங்கள். சந்தேகப்படும் மூலையை மற்றதோடு கலக்காமல் தனிப் பையில் போடுங்கள், கலந்தால் உயர்ந்த அளவு கரைந்து மறைந்துவிடும். கூடத்தில் “உர அளவு பாருங்கள்” என்று மட்டும் சொன்னால் உலோகம் பார்க்க மாட்டார்கள். ஆர்சனிக், காட்மியம், ஈயம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், கட்டணத்தையும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பிஎச் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் காட்மியம் எண்ணை மட்டும் நீட்டினால், அந்த மண்ணில் கீரை போடலாமா என்று என்னால் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.