வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் எப்போது பிழிவது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் விடியமுன்னமே சோறு கட்டிவிடுவோம். கூடவே வல்லாரைச் சம்பல். கட்டும்போது பச்சைப்பசேல் என்று இருக்கும். மத்தியானம் வாழையிலையை விரித்தால் மங்கிய பாசி நிறத்தில், தண்ணீர் விட்டுத் துவண்டு கிடக்கும். வெயில்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வெயிலுக்கும் பங்குண்டு. ஆனால் வேலையைத் தொடங்கி வைப்பது நாம் காலையிலேயே சேர்த்துவிடும் உப்பும் தேசிக்காயும்.

இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் மூலக்கூறில் ஒரு வளையம். வளையத்தின் நடுவே ஒரேயொரு மகனீசியம் அணு. பச்சையத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்கு 1915இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அமிலம் பட்டால் அந்த மகனீசியம் கழன்றுபோக, இரண்டு ஐதரசன் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் அந்த ஓர் அணு மாறியதும் பச்சை போய் பழுப்பு கலந்த பாசி நிறம் வந்துவிடும். சூடு கூடக்கூட இது இன்னும் வேகமாக நடக்கும்.

சரி, இலைக்குள்ளும் அமிலம் இருக்கிறதே, அது ஏன் தானாக நிறம் மாறவில்லை? உயிருள்ள கலம் தன் அமிலத்தைப் புன்வெற்றிடம் என்ற நீர் நிறைந்த பைக்குள் பூட்டி, பச்சையத்தை வேறு அறையில் வைத்திருக்கிறது. நாம்தான் அந்தச் சுவர்களை உடைக்கிறோம். மொட்டைக் கத்தியால் அரிந்தால் வெட்டுப்பட்ட இடத்தோடு அக்கம்பக்கக் கலங்களும் நசுங்கும். பிசைந்தால் இன்னும் மோசம். இலையைச் சுருட்டி, கூரான கத்தியால் மெல்லியதாக அரிய வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதை நான் வெறும் அழகுக்கு என்றே எண்ணியிருந்தேன்.

அப்புறம் உப்பு. வெளியே உப்புச் செறிவு கூடினால் கலத்துக்குள் இருக்கும் தண்ணீர் மென்சவ்வைத் தாண்டி வெளியே வரும்; பள்ளிக்கூடத்தில் படித்த பிரசாரணம் இதுதான். தண்ணீர் போனதும் இலை விறைப்பை இழக்கிறது, தேசிக்காய்ப் புளியும் உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் காலையில் சேர்ப்பதுதான் சம்பலுக்கு மிகக் கெடுதி.

ஆனால் இரண்டையும் விட்டுவிடவும் முடியாது. உப்பு வல்லாரையின் கசப்பை நாக்கில் அடக்குகிறது. தேசிக்காயில் உள்ள விற்றமின் சீ, இலையின் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும். தேங்காய்ப்பூவில் உள்ள கொழுப்பு இல்லாவிட்டால் இலையின் கரோட்டீன் சரியாக உடலில் சேராது. மாசிக் கருவாடு போடாத சைவச் சம்பலுக்கு இவையே போதும் என்பது என் எண்ணம்.

வல்லாரை ஈர நிலத்தில் படர்வது. பச்சையாக உண்பதால் ஓடும் தண்ணீரில் பலமுறை அலசி, ஈரம் வடிய விட வேண்டும். தேசிக்காய் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று நம்பக்கூடாது.

இப்போது எங்கள் வீட்டுச் சோற்றுப் பார்சலில் அரிந்த வல்லாரை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் ஒரு பொட்டலம். வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்த தேங்காய்ப்பூ இன்னொன்று. உப்பு ஒரு சின்ன மடிப்பில். தேசிக்காயை வெட்டாமல் முழுதாகவே வைக்கிறோம். வரம்பில் உட்கார்ந்து, சோற்றை விரித்த பிறகு வெட்டிப் பிழிந்துகொள்கிறார்கள்.