பணி மாற்றமா, பணிப் பகிர்வா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் மனநலத் தொண்டர்களுக்கு ஒரு விளக்கக் கூட்டம். திரையில் பெரிய எழுத்தில் 'பணி மாற்றம்'. பக்கத்தில் இருந்த அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை, மெதுவாகக் கேட்டார்: “யாருக்கு தம்பி மாற்றல்? நர்சுக்கா?” இந்தச் சொல்லை இப்படி நான் பார்ப்பது இது நான்காவது தடவை.

மூலச் சொல் 'டாஸ்க் ஷிப்டிங்'. மனநல மருத்துவர்கள் போதாத இடங்களில் அவர்களுடைய வேலையில் ஒரு பகுதியைப் பயிற்சி பெற்ற தாதியரும் ஊர்க்காரர்களும் செய்வது. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் எச்ஐவி சிகிச்சையை ஒட்டி இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. 'டாஸ்க்', வரியைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது. 'ஷிப்ட்' பழைய ஆங்கிலத்தில் ஒழுங்குபடுத்துவது, பங்கிடுவது. அந்தப் பழைய பொருள்தான் இங்கே பொருந்துகிறது.

தமிழில் பணி மாற்றம் என்றால் ஆள் நகர்கிறார். வேறு ஊர், வேறு நாற்காலி. இங்கே யாரும் எங்கும் போகவில்லை. ஜிம்பாப்வேயைப் பாருங்கள். 2006இல் மருத்துவர் டிக்சன் சிபாண்டா ஹராரேயில் தொடங்கிய 'நட்பு பெஞ்சு' திட்டத்தில், கிளினிக் வாசலில் மரப் பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார் மனம் சோர்ந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆபத்தான நிலையில் உள்ளவரை மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பையே சற்று மேம்பட்ட வடிவில் பெற்றவர்களைவிட, பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மனநோய் அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. மருத்துவர் வேலையைக் கைகழுவிவிடவில்லை, பாட்டிமாரும் மருத்துவர் ஆகவில்லை. வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். (நோயைப் பற்றிப் பேசக்கூட 'குஃபுங்கிசிசா', அளவுக்கு மீறி யோசிப்பது, என்ற அந்த நாட்டு ஷோனா மொழிச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். நமக்கு ஏன் அந்தத் துணிச்சல் வரவில்லை?)

நமக்கும் இது புதிதல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததும் காயத்துக்குக் கட்டுப் போட்டதும் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர்தானே? டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். அதை யாராவது பணி மாற்றம் என்றார்களா?

ஆகவே 'பணிப் பகிர்வு'. 'ஷிப்ட்' வேறு, 'ஷேர்' வேறு என்று ஒரு நண்பர் மறுத்தார். சரி, ஆனால் இந்தத் துறையிலேயே இப்போது பலர் 'டாஸ்க் ஷேரிங்' என்றுதான் எழுதுகிறார்கள், வேலையைத் தள்ளிவிடுவது போன்ற தொனி வேண்டாம் என்பதற்காக. அவர்கள் கைவிடுகிற சொல்லை நாம் ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'பணிப்பெயர்ச்சி' என்றார். தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவுடன் சனியும் குருவும் நினைவுக்கு வந்தால் விளக்கக் கூட்டம் எப்படி நடக்கும்? மலாயில் 'கொங்சி' என்றால் பகிர்தல். கூ குலத்துச் சீனர்களின் சங்க மாளிகையான கூ கொங்சியைத் தெரிந்த பினாங்குக்காரருக்குப் பகிர்வை விளக்கவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், வேலையைப் பார்ப்பதில்லை. அதே திரையில் அடுத்த வரி, 'வளம் குறைந்த அமைப்புகளில்'. மூலத்தில் 'லோ ரிசோர்ஸ் செட்டிங்ஸ்'. கைப்பேசியில் 'செட்டிங்ஸ்' என்பதற்கு 'அமைப்புகள்' என்று வருவதால் இங்கேயும் அதையே போட்டுவிட்டார்கள். படிக்கிறவர் காசில்லாத சங்கங்கள் என்று நினைப்பார். 'வசதி குறைந்த இடங்களில்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?