லேபிளிங்: முத்திரையா, பட்டமா?

லேபிள் என்றதும் புட்டியில் ஒட்டிய காகிதம்தான் நினைவுக்கு வரும். ஆனால் சொல் பிறந்தபோது பசையே கிடையாது. பழைய பிரெஞ்சில் அதற்கு நாடா, துணிக்கீற்று என்று பொருள். ஆவணத்திலிருந்து தொங்கவிட்டு முத்திரை பதிக்கும் கீற்றையும் ஆங்கிலத்தில் இப்படியே அழைத்தார்கள். ஒட்டுகிற காகிதம் பிற்பாடு வந்தது.

கல்விச் சமூகவியலில் 'லேபிளிங்' என்பதன் பொருள் வேறு. ஒரு பிள்ளையைக் 'கெட்டிக்காரன்', 'மக்கு', 'அடங்காதவள்' என்று பள்ளி வகைப்படுத்திவிட்டு, அப்புறம் அந்த வகைக்கு ஏற்றபடியே நடத்துவது. வெறுமனே திட்டுவது லேபிளிங் ஆகாது. கெட்டிக்காரன் திணறினால் ஆசிரியர் பொறுத்திருப்பார். மக்கு திணறினால் கேள்வி அடுத்த பெஞ்சுக்குப் போய்விடும். சில வருடம் இப்படியே போனால் பிள்ளையும் 'நான் இவ்வளவுதான்' என்று நம்பத் தொடங்கும், மதிப்பெண்ணும் அதற்குச் சாட்சி சொல்லும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் 'தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் கணிப்பு' என்றது இதைத்தான்.

ஆசிரியர்கள் எதை வைத்து வகை பிரிக்கிறார்கள்? சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் சிகாகோவில் 60 ஆசிரியர்களிடம் பேசிப் பார்த்தார். அவர்கள் மனதில் ஒரு 'இலட்சிய மாணவர்' இருந்தார், அந்த உருவம் நடுத்தர வர்க்கப் பிள்ளையின் சாயலில் இருந்தது. ரே ரிஸ்ட் 1970இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உறுத்தும். ஒரு அமெரிக்க மழலையர் வகுப்பில், பள்ளி திறந்த எட்டாவது நாளே பிள்ளைகளை மூன்று மேசைகளாகப் பிரித்துவிட்டார்கள். உடை, தோற்றம், குடும்பப் பின்னணி ஆகியவற்றின் தாக்கம் அந்தப் பிரிப்பில் தெரிந்தது. எட்டு நாளில் ஒரு குழந்தையின் அறிவை யார் அளக்க முடியும்?

ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1960களில் கலிபோர்னியப் பள்ளியொன்றில் இதையே நல்ல திசையில் செய்து பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய சுமார் 20 சதவீதப் பிள்ளைகளை, 'இவர்கள் இனிமேல் மலர்வார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். முதலிரண்டு வகுப்புகளில் அவர்களுடைய நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகம் ஏறியது. மேல்வகுப்புகளில் அப்படி இல்லை. ஆய்வு முறை பற்றி இன்றுவரை சண்டை ஓயவில்லை.

சரி, லேபிளிங்கைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'முத்திரை குத்துதல்' நிலைத்துவிட்டது. குத்துதல் என்பதில் ஒருதலைப்பட்சம் தெரிகிறது, அது நல்லது. முத்திரை வடமொழி வழி வந்தது என்று தயங்குபவர்களுக்குப் 'பொறி' இருக்கிறது. பட்டினப்பாலையில் சுங்கக்காரர்கள் மூட்டைகளில் புலியைப் பொறித்து அனுப்புகிறார்கள். இன்று பொறி என்றால் எலிப்பொறி நினைவுக்கு வருவதுதான் தொல்லை. 'அடையாளமிடல்' மிகவும் சாது.

எனக்குப் பிடித்தது பேச்சுவழக்கில் உள்ள 'பட்டம் கட்டுதல்'. பட்டம் என்பதும் நெற்றியில் கட்டிய பட்டைதான், லேபிளின் பழைய நாடா போலவே. கட்டியதை அவிழ்க்கலாம். ஆய்வாளர் மேரி ஃபுல்லர் கவனித்த லண்டன் கறுப்பினச் சிறுமிகள் அதைத்தான் செய்தார்கள். ஆசிரியர்களின் மட்டமான எண்ணம் அவர்களுக்குத் தெரியும்; ஆசிரியர்களை மகிழ்விக்க முயலாமலே உழைத்துத் தேர்வில் முன்னேறினார்கள். அழியாத முத்திரை என்று எழுதினால் இவர்களுக்கு இடமில்லாமல் போகிறது.

என்ன, பள்ளியைப் பற்றிய கட்டுரையில் பட்டம் என்றால் பட்டப்படிப்பு என்று படித்துவிடுவார்கள். அதனால் தேர்வுத்தாளில் முத்திரை குத்துதல் என்றே எழுதுங்கள்.