ஷார்டொனே வேண்டாம், ஷப்லி கொடுங்கள் என்பவர்களுக்கு

போன சனிக்கிழமை ஒருவர் திறந்த ஒயின் பாட்டிலோடு கடைக்கு வந்து நின்றார். முந்தின நாள் வீட்டில் விருந்தாம். புயி ஃப்யூமே என்று நினைத்து புயி ஃப்விஸே வாங்கிப் போயிருக்கிறார், விருந்தாளி ஒருவர் சிரித்துவிட்டார். "பேரு ஒரே மாதிரி இருந்தா நான் என்னப்பா பண்றது?" என்று என் மேல் பாய்ந்தார். அவர் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. முன்னது லுவார் ஆற்றங்கரையில் சொவிஞோன் பிளான் திராட்சையில் செய்வது. பின்னது பூர்கோஞ் பகுதியின் தெற்கில், மாக்கோன் நகருக்குப் பக்கத்தில், ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது. ஆங்கிலத்தில் பர்கண்டி என்பார்களே, அதுதான் பூர்கோஞ். பெயரில் பாதியைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாரிஸில் இத்தனை வருடம் ஒயின் கடையில் நின்று எனக்குப் பொறுக்காமல் போன வாக்கியம் ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது காதில் விழும்: "தம்பி, அந்த ஷார்டொனே மட்டும் வேணாம். நல்ல ஷப்லியா ஒண்ணு எடுங்க."

அண்ணே, ஷப்லி திராட்சையே ஷார்டொனேதான்.

இன்னும் மெதுவாகச் சொல்கிறேன். ஷப்லி என்பது ஓர் ஊர். யோன் மாவட்டத்தில், செரன் என்ற சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரை லேபிளில் போட வேண்டுமானால் ஷார்டொனேயைத் தவிர வேறு திராட்சை ஒரு துளிகூடச் சேரக் கூடாது. அது சட்டம். "இல்ல, ஷப்லி வேற டேஸ்ட்டாச்சே" என்பார்கள். வேறு ருசிதான், யார் இல்லை என்றது? குளிர்ந்த வடக்கு, சிப்பி ஓடுகள் புதைந்த சுண்ணாம்பு மண், அதனால் புளிப்பு தூக்கலாக இருக்கும். பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் செய்வார்கள். உங்களுக்குப் பிடிக்காமல் போனது எங்கோ சூடான நாட்டில் விளைந்து, புது ஓக் பீப்பாயில் கிடந்து, வனிலா மணக்கும் ஒயினாக இருக்கும். அது பீப்பாயின் வாசனை. பழியைத் திராட்சை மேல் போடாதீர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஒயினை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 1935இல் அதற்குச் சட்டமே போட்டு, எந்த ஊரில் எந்தத் திராட்சை என்று எழுதி வைத்துவிட்டார்கள். திராட்சைப் பெயரை லேபிளில் பளிச்சென்று போடும் வழக்கம் அல்சாஸில் உண்டு: ரீஸ்லிங், கெவுர்ஸ்திராமினர் என்று. மற்ற இடங்களில் ஊரைத் தெரிந்துகொண்டால் திராட்சை தானாகத் தெரியும். சான்செர் வெள்ளை என்றால் சொவிஞோன் பிளான். வூவ்ரே என்றால் ஷெனான். எர்மிதாஜ் சிவப்பு என்றால் சிரா. போர்தோவில் கலவைதான் வழக்கம்: ஆற்றின் இடது கரையில் கபர்னே சொவிஞோன் கை ஓங்கும், வலது கரையில் மெர்லோ. நான்ட் பக்கத்து முஸ்கதேயை மஸ்கட் திராட்சை என்று நம்பி இனிப்பு எதிர்பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு. அதன் திராட்சை மெலோன் ட பூர்கோஞ், ருசி இனிப்பில்லாத வறட்டு ருசி. சிப்பிக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது.

பூர்கோஞ் சிவப்பு என்றால் பினோ நுவார். காமே என்ற திராட்சையை அங்கிருந்து பிடுங்கி எறியச் சொல்லி 1395இலேயே அந்தப் பகுதியை ஆண்ட ஃபிலிப் பிரபு ஆணையிட்டார். அது தெற்கே போஜொலேயில் கருங்கல் மண்ணில் செழிப்பாக வாழ்கிறது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம், விலையும் கையைக் கடிக்காது.

வாங்கும்போது "ஷாத்தோ" (மாளிகை) என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள், அது தரமுத்திரை இல்லை. குமிழி வந்தால் எல்லாம் ஷாம்பெயினும் இல்லை. ஷாம்பாஞ் பகுதியில் செய்தால்தான் அந்தப் பெயர். அதே முறையில் அல்சாஸிலோ லுவாரிலோ செய்தது கிரெமான், பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். போன தடவை பிடித்த பாட்டிலின் லேபிளை ஃபோனில் படம் எடுத்து வாருங்கள். "சிவப்பு லேபிள், மேல ஒரு மரம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆஸ்துமா இருந்தால், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட் பற்றிய வரியைப் படியுங்கள். கர்ப்பிணிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட முத்திரை பாட்டிலில் அலங்காரத்துக்கு இல்லை. இங்கே வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சனிக்கிழமைக்காரரிடம், "அண்ணே, மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வைங்க, நாளைக்குக் கோழி வறுத்து அதோட குடிச்சுப் பாருங்க" என்றேன். திறந்த பாட்டிலை மாற்றித் தர முடியாது என்பதையும் சொன்னேன். அதற்கும் கோபம்.