விதை கடினப்படுத்துதலா, விதை பழக்குதலா?

ஆவணி பிறந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தின் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் புழுதி விதைப்புப் பேச்சு, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல் விதைக்கும் பேச்சு, தொடங்கும். கூடவே துண்டறிக்கைகளில் ‘விதை கடினப்படுத்துதல்’ என்ற சொல்லும் தலைகாட்டும். நெல்லை எதற்காகக் கடினப்படுத்த வேண்டும்?

செய்வது இதுதான்: ஏக்கருக்கு 30 கிலோ விதைநெல். 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடை (பொட்டாஷ் உப்பு) கரைத்து, அதில் 16 மணி நேரம் ஊறப்போட்டு, வடித்து, பழைய எடைக்குத் திரும்பும்வரை நிழலில் உலர்த்துவது. ஊறும்போதே விதைக்குள் முளைப்பு வேலை தொடங்கிவிடும்; முளை வெளியே வருமுன் நிறுத்திவிடுகிறோம். மறுபடி ஈரம் பட்டதும் சட்டென்று, ஒரே சீராக முளைக்கும். ஆரம்ப வறட்சியையும் தாங்கும்.

ஆங்கிலத்தில் இதை ‘ஹார்டனிங்’ என்கிறார்கள். கெட்டியாதல், கஷ்டத்துக்குப் பழகுதல் என்று அதற்கு இரண்டு பொருள். மொழிபெயர்த்தவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டார். ‘கடினம்’ வடசொல் என்பதைக்கூட விட்டுவிடலாம். ‘கடின விதை’ என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறதே! தோல் இறுகி, தண்ணீரை உள்ளே விடாத விதை அது. நம் ஊரை வளைத்துக்கொண்ட சீமைக்கருவேல் விதை அந்த ரகம்தான். ஆடு மாடு நெற்றைத் தின்று போட்டால் நன்றாக முளைக்கும், சும்மா கிடந்தால் லேசில் முளைக்காது. அப்படியிருக்க, ‘கடினப்படுத்திய விதை’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்? முளைக்காத விதை என்றுதானே!

இதற்கு மாற்றாக ‘உரமேற்றல்’ என்கிறார்கள் தனித்தமிழ் அன்பர்கள். உரம் என்றால் வலிமை, சரி. ஆனால் உழவரிடம் போய் ‘விதைக்கு உரமேற்றுங்கள்’ என்றால் யூரியா மூட்டையைத்தான் பார்ப்பார். கரைப்பதும் பொட்டாஷ் உப்பு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். 1 சதக் கரைசலில் ஊறவைப்பதை அடியுரம் என்று எண்ணி அளவைக் கூட்டினால், உப்பு மிஞ்சி முளைப்பே கெடும். அழகான சொல்தான், இந்த வேலைக்கு ஆகாது.

‘விதை பழக்குதல்’ என்பதே பொருந்தும். கன்றை ஏருக்குப் பழக்குவதுபோல, விதையை வறட்சிக்குப் பழக்குகிறோம். யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை. ‘விதை நேர்த்தி’ என்ற நல்ல சொல் இருக்க ‘விதை சிகிச்சை’ என்று எழுதுகிறவர்களுக்கு இது ஏறுமா, தெரியவில்லை.

சொல் குழம்பினால் வேலையும் குழம்பும். நாற்றங்காலுக்கு முளைகட்டுவது வேறு: 24 மணி நேரம் ஊறல், 24 மணி நேரம் ஈரச்சாக்கு மூட்டம். அந்தக் கணக்கை இங்கே போட்டு, முளை எட்டிப்பார்த்த பிறகு உலர்த்தினால் வேர்நுனி செத்துவிடும். சரியாகக் காயாமல் சாக்கில் கட்டினாலும் வெந்துபோகும். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். உப்பு கூடினால் விதை தண்ணீரை இழுக்காது. ஊறப்போட ஊருணித் தண்ணீர் நல்லது.