ஆரம்பத் துடுப்பாட்டக்காரனை அவசரப்படுத்தாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை கிரிக்கெட் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பருவம் தொடங்கினால் என் காதுக்கு வரும் முதல் முறைப்பாடு, புதுப்பந்தை எதிர்கொள்ள முதலில் இறங்கும் ஆரம்பத் துடுப்பாட்டக்காரனைப் பற்றியதாகவே இருக்கும். "சேர், அந்தப் பையன் பத்து ஓவர் நின்னு எட்டு ரன்தான் எடுத்தான். வேற யாரையாவது போட்டுப் பாருங்களேன்." சொல்பவர் அதிபராக இருக்கலாம், பழைய மாணவராக இருக்கலாம், பல நேரம் பையனின் அப்பாவே. அவன் பத்து ஓவர் நின்றதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்று உலகத்தின் பெரிய ஆரம்ப வீரர்களே டெஸ்ட்டில் புதுப்பந்தின் முன் தடுமாறுகிறார்கள். இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரில், 2019இல், அவுஸ்திரேலியாவின் இடதுகை ஆரம்ப வீரர் டேவிட் வோர்னர் 10 இனிங்ஸில் எடுத்தது 95 ஓட்டங்கள். அதில் 7 முறை அவரை வெளியேற்றியவர் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஸ்டூவர்ட் ப்ரோட் ஒருவரே. விக்கெட்டைச் சுற்றி வந்து, அதாவது தன் பக்கத்து ஸ்டம்பின் மறுபுறமிருந்து வீசி, ஸ்டம்பை நோக்கி உள்ளே வருவது போலக் காட்டி, பிறகு வெளியே நகரும் பந்துகளைப் போட்டார். ஆடவும் முடியாது, விடவும் முடியாது.

இப்போதைய பந்துவீச்சாளர்கள் பலர் பந்தின் தையலை நேராகப் பிடிக்காமல், தள்ளாடியபடி போக விடுகிறார்கள். அது தரையில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று வீசியவருக்கே உறுதியாகத் தெரியாது. கையைப் பார்த்துக் கணிக்கும் பழைய வழி அங்கே உதவாது. நடுவரின் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ் முறை வந்த பிறகு, முன்காலை நீட்டி பேடில் வாங்கித் தப்பிப்பதும் போய்விட்டது. இதற்கு மேல் ரி20 பழக்கம் வேறு. வெள்ளைப்பந்து சில ஓவர்களுக்கு மேல் பெரிதாக ஸ்விங் ஆகாது, விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில், ஆட்களும் அதிகம் நிற்க மாட்டார்கள். கைகள் பந்தைத் தேடிப் போனால் அங்கே நான்கு ஓட்டம். அதே கைகள் டெஸ்ட்டில் இரண்டாவது ஸ்லிப்புக்குப் பிடி கொடுக்கும்.

நம் மலையகப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். லயத்து வாசலில், டென்னிஸ் பந்தில், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு என்று விளையாடி வளர்கிறார்கள். ஆறு ஓவர் மென்பந்துப் போட்டியில் ஒரு பந்தை ஆடாமல் விட்டால் தன் அணியே திட்டும். அப்புறம் பாடசாலைக்கு வந்தால் கொங்கிரீட்டின் மேல் விரித்த மெட்டிங். அதில் பந்து நன்றாக எழும்பும், பின்காலில் நின்று ஆடப் பழகிவிடுவான். அதே பையனை கண்டியில் ஒரு புல் ஆடுகளத்துக்குக் கூட்டிப் போனால், காலை ஈரத்தில் பந்து தாழ்வாக வந்து உள்ளே திரும்பும், காலில் வாங்கி எல்பிடபிள்யூ ஆகித் திரும்பி வருவான். அவனிடம் திறமை இல்லை என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம். அப்படி ஒரு பந்தை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அதனால், ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை ஆடாமல் விடுவதை நான் தனியாகவே பழக்குகிறேன். ஓஃப் ஸ்டம்புக்கு, அதாவது பையனின் காலுக்குத் தள்ளி இருக்கும் ஸ்டம்புக்கு, நேரே, பந்து குத்தும் இடத்தில், சுண்ணாம்பால் ஒரு கோடு. பந்து கையை விட்டு வந்ததும் பையன் "ஆடு" அல்லது "விடு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் வாய் "விடு" என்று சொல்லும், கை மட்டும் முன்னே போய்விடும். மட்டை விளிம்பில் அந்த மெல்லிய 'டிக்' சத்தம் கேட்டதும் அவனே தலையைத் தொங்கப் போடுவான். "மகன், கையை உடம்போடு வை, பந்து உன்னிடம் வரட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சில வாரங்களில் சத்தமும் கையும் ஒன்றாகிவிடும். வலைக்கு வெளியே நிற்கும் அப்பா "அடிடா!" என்று கத்தினால் மட்டும் எல்லாம் முதலிலிருந்து.

இதனால் எல்லாப் பந்தையும் தடுத்துக் கட்டை போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2024இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் நம் ஆரம்ப வீரர் பத்தும் நிசங்க ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்து இலங்கையை வெல்ல வைத்தது கிட்டத்தட்ட பந்துக்கு ஒரு ஓட்டம் என்ற வேகத்தில். எதை அடிப்பது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பொறுமை என்றால் தெரிவாளர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இலங்கையின் முன்னாள் ஆரம்ப வீரர் மார்வன் அத்தபத்துவின் முதல் ஆறு டெஸ்ட் இனிங்ஸ் 0, 0, 0, 1, 0, 0. அதே மனிதர் பிறகு 6 இரட்டைச் சதங்கள் அடித்தார். இன்னொரு ஆரம்ப வீரர் திமுத் கருணாரத்ன 2012இல் காலியில் அறிமுகமானபோது முதல் இனிங்ஸில் பூச்சியம், இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 60. 2021இல் நம் பல்லேகலையிலேயே பங்களாதேஷுக்கு எதிராக 244 அடித்தார். 100 டெஸ்ட், 7222 ஓட்டங்களோடு ஓய்வு பெற்றார். இரண்டு போட்டியில் சரியாக ஆடவில்லை என்று 15 வயதுப் பையனை எட்டாம் இடத்துக்கு இறக்கும் நாம் இவர்களை என்ன செய்திருப்போம்?

பெற்றோரிடமும் விளையாட்டு ஆசிரியர்களிடமும் நான் கேட்பது இதுதான். ஸ்கோர் புத்தகத்தில் ஓட்டத்துக்குப் பக்கத்தில் அவன் சந்தித்த பந்துகளையும், சரியாக விட்ட பந்துகளையும் எழுதுங்கள். கிழமையில் ஒரு நாளாவது பழைய பந்தை வைத்துவிட்டுப் புதுப்பந்தில் பயிற்சி கொடுங்கள், தலைக்கவசம் அளவாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஒரு முழுப் பருவம் அவனை அந்த இடத்திலேயே ஆட விடுங்கள். அதன் பிறகும் குறை இருந்தால் என்னிடம் வாருங்கள், புத்தகத்தை விரித்து வைத்தே பேசலாம்.